பிடித்தும் பிடிக்காமலும்: காரில் வரும் கருகல் வாடை

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தல் செக்போஸ்ட்டைக் கடந்தால், மலைமேல் உள்ள போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாட்களில் அந்த வளைவுகளில் ஏதாவது ஒன்றில், பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கும். பக்கத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு கவலையாக நிற்பார். கேட்டால், "எஞ்சின் சூடாகிவிட்டது, கருகல் வாடை அடிக்கிறது" என்பார். டாஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள்ளோ நடுவில் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். வாடை வருவது ஓரிடத்திலிருந்து, தண்ணீர் ஊற்றுவது வேறிடத்தில்.

நானும் அப்படி நின்றவன்தான். பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில் மாமியார் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இருக்கும் பூப்பாறைக்குக் கிளம்பினேன். பாதி மலையில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் வளைவில் சிக்கிக்கொள்ள, அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். காருக்குள் காகிதம் கருகுவதுபோல வாடை. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பானட்டை மூடுங்கள் தம்பி. கோளாறு எஞ்சினில் இல்லை, உங்கள் இடது காலில் இருக்கிறது" என்றார்.

மாமனார் காதில் அது விழுந்துவிட்டது என்பது தனிக்கதை. அந்தப் பெரியவர் பார்க்காமலே எப்படிச் சொன்னார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடுக்களையில் தெரிந்த பாடம்தான்

பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஒரு வாடை. சோறு அடிப்பிடித்தால் வேறு வாடை. வற்றல் மிளகாய் கருகினால் அது வாடை அல்ல, நெடி; தெரு முழுக்கத் தும்மும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எது என்று சொல்ல எழுந்துபோக வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளும் தாங்கும் அளவுக்கு மேல் சூடேறும்போது சிதைந்து, தனக்கே உரிய ஆவியை விடுகிறது. அந்த ஆவிதான் மூக்குக்கு வந்து சேருகிறது.

காரும் அப்படித்தான். அதில் நாரும் பிசினும் கலந்து செய்த பாகங்கள் இருக்கின்றன, ரப்பர் இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. "கருகல் வாடை வருகிறது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வது, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வதற்குச் சமம். எது கருகுகிறது என்று சொல்ல முடிந்தால் வேலை பாதி முடிந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாடை வந்துவிட்டால் தீப்பிடித்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் அங்கே சுடர் எதுவும் இருக்காது. ஏதோ ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்தச் சூடு எப்படி வந்தது என்பது முக்கியம்.

கிணற்றுக் கயிறும் கிளட்சும்

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கை எரியாது. முழுவதும் விட்டுவிட்டாலும் எரியாது; வாளி போய் விழும், அவ்வளவுதான். பிடித்தும் பிடிக்காமலும் நழுவவிட்டால்தான் உள்ளங்கைத் தோல் உரியும். அசைவின் சக்தி தேய்ப்பில் சூடாக மாறிக் கையில் இறங்குகிறது. இதற்கு உராய்வு என்று பெயர். காரில் வரும் கருகல் வாடைகளில் பெரும்பகுதியை இந்த ஒரு கயிற்றைக் கொண்டே விளக்கிவிடலாம்.

எஞ்சின் ஓயாமல் சுற்றும் பொருள். சக்கரமோ சில நேரம் நிற்கவேண்டிய பொருள். இரண்டையும் தேவைப்படும்போது சேர்த்துவைத்து, வேண்டாதபோது பிரித்துவைப்பது கிளட்ச். எஞ்சின் முனையில் கனமான இரும்பு வட்டு ஒன்று சுற்றுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்து அதன்மேல் ஒட்டுகிறது. அதுதான் கிளட்ச் பிளேட். அதன் இரண்டு முகங்களிலும் நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திய சொரசொரப்பான மேற்பூச்சு உண்டு. வலுவான ஸ்பிரிங் ஒன்று தட்டை வட்டோடு இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும். இடது காலால் பெடலை மிதித்தால் அழுத்தம் விலகித் தட்டு பிரிகிறது.

முழுவதும் மிதித்தால் கயிற்றை விட்டாயிற்று. முழுவதும் காலை எடுத்தால் இறுக்கிப் பிடித்தாயிற்று. நடுவே பாதி மிதித்து வைத்திருப்பதைத்தான் "ஹாஃப் கிளட்ச்" என்கிறோம். வண்டி நகரத் தொடங்கும்போது ஓரிரு நொடிகள் அது தேவை. மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்க, பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரையும் ஹாஃப் கிளட்சையும் வைத்துத் தாங்கிப் பிடிப்பவர்கள் ஏராளம். வெளியே வண்டி அசையாமல் நிற்கிறது. உள்ளே வட்டு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. வண்டி நகராததால் எஞ்சின் அங்கே கொடுக்கும் சக்தி முழுவதும் சூடாகத்தான் ஆகவேண்டும். பிசின் கருகுகிறது. பழைய செய்தித்தாளைக் கட்டாக எரித்தால் வருமே, அந்த வாடை. நான் செய்தது இதைத்தான்.

அப்போது செய்யவேண்டியது எளிது. சமமான இடம் பார்த்து ஒதுங்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு இருபது நிமிடம் ஒரு தேநீர் குடிக்கலாம். தண்ணீர் ஊற்ற அங்கே வழியும் இல்லை, தேவையும் இல்லை. திரும்பக் கிளம்பும்போது வண்டியை ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, முதல் கியரில் கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். முன்னால் நிற்கும் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நாமும் நகர வேண்டியதில்லை. நாலு வண்டி நீளம் இடம் விழட்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அவர்கள் கிளட்சுக்கு நாம் பொறுப்பில்லை.

ஒருமுறை வாடை வந்ததால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மறுநாள் சமதளத்தில், நாலாவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் தட்டு வழுக்குகிறது, மாற்றியாக வேண்டும். இதற்குக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால் பொருளின் விலையோடு கூலியும் கணிசமாக வரும். எனவே கழற்றும்போதே தட்டோடு அதை அழுத்தும் பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. மூன்று மாதம் கழித்துப் பேரிங்குக்காக மறுபடி அதே கூலியைக் கொடுப்பதில் என்ன லாபம்?

இதுவரை சொன்னது: ஏறும்போது, அதுவும் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது காகிதம் கருகும் வாடை வந்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மீது. காரணம் பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல, கால் பழக்கம்.

ஓர் அண்டா வெந்நீர்

இறங்கும்போது கதை வேறு. மெட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 37 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். கல்யாண வீட்டில் ஓர் அண்டா வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதியை எங்கே அனுப்புவது என்பதை ஓட்டுநர்தான் முடிவுசெய்கிறார்: எஞ்சினுக்கா, பிரேக்குக்கா?

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சுற்றும் ஓர் இரும்பு வட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்வும் கட்டைகள் பிரேக் பேட். இங்கே உராய்வு தவறில்லை, அதுதான் வேலையே. வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவதற்குத்தான் பிரேக் இருக்கிறது. ஆனால் ஆற இடைவெளி கொடுக்காமல் மலை முழுக்க லேசாக மிதித்துக்கொண்டே வந்தால், உள்ளே வரும் சூடு வெளியே போகும் சூட்டை முந்திவிடும். பேடில் உள்ள பிசின் கருகி, மூக்கைக் குத்தும் காரமான வாடை வரும். கிளட்ச் வாடைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் இதைச் சக்கரத்தின் அருகே நின்றால்தான் நன்றாக உணரலாம். அளவு மீறினால் பேடிலிருந்து கிளம்பும் வாயுவும் கருகிய மேற்பரப்பும் சேர்ந்து பிடிப்பைக் குறைக்கும். மிதித்தாலும் வண்டி முன்போல நிற்காது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நாம் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுசெல்வது பிரேக் ஆயில் என்னும் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அந்த அளவு வெறும் 155 டிகிரி. கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. மழையிலும் மூடுபனியிலும் ஓடும் மலைப்பக்கத்து வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் திரவத்தை மாற்றச் சொல்வது வீண் செலவு இல்லை.

தீர்வு பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதிதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்றவேண்டியிருக்கும். எஞ்சின் எளிதில் சுற்றாது, முரண்டுபிடிக்கும். அந்த முரண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். பிடி அல்லது விடு. நடுவே தடவிக்கொண்டே வராதே.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதைக் கணினியே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்க எரிபொருள் செலவாகிறது. மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கும் மகான்களும் உண்டு. சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

பிரேக் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நின்று ஆறவிடுங்கள். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பழுக்கக் காய்ந்த வட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதுபோல அது "சுர்ர்" என்று கேட்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் திடீர்க் குளிர்ச்சியில் வட்டு கோணலாகும், விரிசல்கூட விடலாம். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் அதிரும்.

சமதளத்திலும் பிரேக் வாடை வருகிறதா?

வந்தால் பிரேக் விடவேண்டிய நேரத்தில் விடவில்லை என்று பொருள். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் ஒருமுறையாவது மறந்தவர்கள்தான். அது இல்லையென்றால் ஏதோ ஒரு சக்கரத்தில் பேடைக் கவ்வவைக்கும் காலிப்பர் துருவேறி இறுகியிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், அனல் போதும். முன்சக்கரங்கள் இரண்டில் ஒன்று மட்டும், அல்லது பின்சக்கரங்கள் இரண்டில் ஒன்று மட்டும் அடுப்பாக இருந்தால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் அதற்குச் சாட்சி.

எண்ணெய், ரப்பர், சோளத்தட்டை

வடைச்சட்டி எண்ணெய் புகையும் வாடை வந்தால் எஞ்சின் ஆயில் எங்கோ கசிந்து, சூடான புகைக்குழாயின்மேல் சொட்டுகிறது. ஆயில் மாற்றிய மறுநாள் என்றால் சிந்திய துளிகள் எரிவதாக இருக்கும், தானே நின்றுவிடும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் எஞ்சின் தலைமூடிக்குக் கீழே கசிவைத் தடுக்கும் பாக்கிங் தளர்ந்திருக்கலாம். பாக்கிங் மலிவானது. அலட்சியம் செய்தால் ஆயில் குறைந்து எஞ்சினே போகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ரப்பர் வாடையோடு கிறீச்சென்ற சத்தமும் வந்தால் எஞ்சினின் முன்பக்க பெல்ட்டைப் பாருங்கள். ஏசி போட்டதும் வந்து, அணைத்ததும் நின்றால் இன்னும் தெளிவு. சுற்றவேண்டிய உருளை இறுகிவிட, பெல்ட் அதன்மேல் வழுக்குகிறது. மறுபடியும் கிணற்றுக் கயிறு.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். அறுவடைக் காலத்தில் சோளத்தட்டையையும் கொள்ளுச்செடியையும் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். நம் வண்டிச் சக்கரம்தான் அவர்களுக்குப் போரடிக்கும் மாடு. மேலே ஏறிப் போகும்போது காய்ந்த தட்டை வண்டிக்கு அடியில் சுற்றிக்கொள்ளும். அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கலம் ஒன்று பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. வைக்கோல் எரியும் வாடை வந்தால் அடுத்த ஊர் வரட்டும் என்று போகாதீர்கள். உடனே தட்டை இல்லாத இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு அடியில் பாருங்கள். இப்படி எரிந்துபோன வண்டிகள் உண்டு.

ஒரு விதிவிலக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபிறகு விற்கும் டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் கார் அதை 600 டிகிரி அளவுச் சூட்டில் தானே எரித்துவிடும். அப்போது நிறுத்தினால் அடியிலிருந்து அனலும் லேசான வாடையும் வரும், மின்விசிறி ஓடிக்கொண்டேயிருக்கும். அது கோளாறு அல்ல, வீட்டைப் பெருக்குகிறது.

காத்திருக்கக் கூடாத வாடை

பிளாஸ்டிக் கருகும் வாடைதான் நான் உண்மையிலேயே அஞ்சுவது. அடியில் பாலித்தீன் பை ஒட்டியிருந்தாலும் அதே வாடை வரும் என்பது ஒரு சின்ன ஆறுதல். அது இல்லையென்றால் வயரின் உறை உருகுகிறது.

வயரில் மின்சாரம் ஓடினாலே கொஞ்சம் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மேட்டில் மூடுபனி என்று சொல்லி, 60 வாட் ஹெட்லைட் இருந்த இடத்தில் 100 வாட் பல்பை மாட்டுகிறோம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடிய வயரில் இப்போது 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். வயரில் உண்டாகும் சூடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. வெளிச்சம் கூடும், வயர் அப்படியேதான் இருக்கும். பனியில் அதிக வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும் என்பது வேறு.

ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபியூஸ் என்பது மின்னோட்டம் அளவை மீறினால் தன்னையே உருக்கிக்கொண்டு சுற்றை அறுக்கும் மெல்லிய கம்பி. மின்னோட்டம் மீறாதவரை அதற்கு எதுவும் தெரியாது. இணைப்பு ஒன்று தளர்ந்து பிடித்தும் பிடிக்காமலும் இருந்தால், வழக்கமான மின்னோட்டத்திலேயே அந்த ஒரு புள்ளி கொதிக்கும். ஃபியூஸ் நிம்மதியாக இருக்கும். புது ஹாரன், புது பாட்டுப்பெட்டி என்று வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இடங்களில் இதைத் தேடுங்கள். எலி கடித்த இடங்களிலும்தான். அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதுதான்.

இந்த வாடைக்குச் செய்யவேண்டியது: ஓரங்கட்டு, சாவியை அணை, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகை பானட்டிலிருந்து வந்தால் அதை முழுவதும் திறக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தீ எழும். புகை எதுவும் இல்லாமல், ஸ்பேனரும் கையில் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனை வயரைக் கழற்றலாம். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்ற ஆசை வேண்டாம்.

அப்படியானால் எஞ்சின் சூடு என்பது எது?

அதற்கு முள் சாட்சி சொல்லும். எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் நீர்க்கலவை கூலன்ட். அது கசிந்தால் கருகல் வாடை வராது, பாகு காய்ச்சுவதுபோல ஒரு தித்திப்பு வாடை வரும். முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, வியர்க்க வியர்க்க ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடான நீர் காத்திருக்கிறது. முகத்தில்தான் பாயும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

முதலில் வாடை நம்முடையதா என்று பாருங்கள். முன்னால் இறங்கும் லாரியின் பிரேக் வாடையை நம் ஏசி உறிஞ்சித் தருவது இந்தச் சாலையில் வழக்கம். லாரியை முன்னே விட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். வாடை போய்விட்டால் பிரச்சினை லாரிக்காரருடையது.

நம்முடையதுதான் என்றால், ஏறும்போதா இறங்கும்போதா, எந்தப் பக்கம், ஏசியோடு சம்பந்தமா, ஹெட்லைட் போட்டதும் வந்ததா, அடுக்களையில் எதைப்போல இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூப்பாறையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் "கரிஞ்ஞ மணம்" என்றார் மலையாள மெக்கானிக். கருகியதற்குப் போய் மணமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் மொழியில் மணம் என்றால் எல்லா வாடையும்தான். நம் பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்; ஆக யாரும் யாரையும் சிரிக்க முடியாது. "காகிதமா, ரப்பரா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்கு விடை என்னிடம் தயாராக இருந்தது.

கிளம்பும்போது ஒன்று. சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்துச் சாலை ஓரத்தில் போட்டுவிட்டு ஏறுங்கள். பனியில் பைக்கில் வரும் அடுத்தவருக்கு அது தெரியாது.